வலது கம்பத்துக்கிட்ட நில், பந்து வரும்

சாக்பீஸ் என்று எல்லாரும் கூப்பிட்ட மனுஷன் போய்ச் சேர்ந்து பதினாறு நாள் ஆகிறது. கம்பம் என்று பெயர் எடுத்தவனுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் பழைய ஹாக்கி ஆட்டக்காரன் என்று அவனையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். "நான் பேசினா நல்லா இருக்காது, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டான். பேசினவர்கள் எல்லாம் செத்தவரின் மூளையைப் புகழ்ந்து தள்ளினார்கள். மூளைக்கு என்ன குறைச்சல்? வாய்தான் கிடையாது அந்த மனுஷனுக்கு. இருபத்திரண்டு வருஷமாகக் கம்பத்தின் நெஞ்சில் கிடந்து அறுக்கிற விஷயம் அதுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் பிழைப்பே வேறு மாதிரி போயிருக்கும். சொல்லவில்லை. போதாக்குறைக்கு, சாவதற்கு நாலு நாள் முன்னால் ஒரு வேலையையும் இவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சாக்பீஸ் தண்ணீர்ப் பம்பு செய்கிற ஆலையில் இரும்பு கடைகிற லேத் இயந்திரம் ஓட்டியவர். இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், மீதியை இயந்திரம் வாங்கிக்கொண்டது. இரும்பில் எங்கே வெட்டுவது என்று கோடு போட, காது இடுக்கில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. ஆலையின் ஹாக்கி அணிக்குப் பதினான்கு வருஷம் அவர்தான் தலைவர். ஆட்டத்தையும் அதே சாக்பீஸால்தான் போடுவார். கேன்டீன் மேசை, அலமாரிக் கதவு, கழிவறைச் சுவர், எது கிடைத்தாலும் சரி. பதினொரு வட்டம், நாலு அம்பு, பிறகு சட்டைக் கையால் ஒரு துடைப்பு. பேச்சு முடிந்தது. புரிந்தவன் ஆடுவான், புரியாதவன் பெஞ்சில் உட்காருவான்.

அவர் மனைவி ஒரு தடவை ஆட்டக்காரர்களிடம் சொன்னாள்: "கல்யாணமான புதுசுல ஏதோ கோவத்துல இருக்காருன்னு நெனச்சு நானும் பேசாமலே இருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, சந்தோஷமா இருந்தாலும் அவரு அப்படித்தான்னு."

கம்பத்துக்கு அப்போது அந்தப் பெயர் இல்லை. இருபத்து நாலு வயசு, எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன், கையில் இருந்த ஒரே சொத்து ஹாக்கி மட்டை. ஆலையில் ஆட்டக்காரர்கள் என்று வருஷத்துக்கு இரண்டு பேரைத் தற்காலிகமாக எடுப்பார்கள். பருவம் முடிந்ததும் ஒருவனை நிரந்தரம் ஆக்குவார்கள், மற்றவனுக்குக் கும்பிடு போட்டு அனுப்புவார்கள். அந்த வருஷம் எடுத்த இரண்டாவது ஆள் ரயிலு. ஓடினால் பிடிக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் அதிகாரி ஹாக்கி மைதானத்தில் கால் வைத்தவரே இல்லை. அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை கோல் போட்டே?"

கம்பத்தின் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். வாடகை ஒற்றை அறை. மழை பெய்தால் பாயை எந்த மூலைக்கு இழுப்பது என்று இரண்டு பேரும் சண்டை போடுகிற வீடு. அந்த நிரந்தர வேலை கிடைத்தாக வேண்டும். அவனுக்குக் கோல் வேண்டும்.

முதல் பயிற்சி நாளில் சாக்பீஸ் ஒரு மரப்பெட்டியின் மூடியில் அரை வட்டம் போட்டார். பெனால்டி கார்னர். கோல் கோட்டிலிருந்து ஒருவன் பந்தை வெளியே தள்ள வேண்டும். வட்டத்தின் விளிம்பில் சாக்பீஸ் அதை நிறுத்துவார், பின்னால் நிற்கிற ரயிலு சுழற்றி அடிப்பான். புதுப் பையன் எங்கே என்று பார்த்தால், கோலின் வலது கம்பத்தருகே ஒரு சின்ன வட்டம்.

"இது நீ."

"சரிண்ணே. என்ன செய்யணும்?"

"ஓடிப்போய் வலது கம்பத்துக்கிட்ட நில். ஸ்டிக் தரையில இருக்கணும். பந்து வரும்."

அந்தப் பருவம் முழுக்க அந்த மனுஷன் அவனிடம் பேசியது மொத்தமே அவ்வளவுதான்.

அவனும் ஓடினான். ஒவ்வொரு கார்னருக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். கம்பத்தருகே குனிந்து, மட்டையைப் புல்லோடு படுக்க வைத்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு, "அண்ணே, இங்க, இங்க" என்று கத்துவான். எதிரணிக் கோல்கீப்பர் இவன் பக்கம் சாய்வான். தடுப்பாட்டக்காரன் ஒருவனும் இவனை நோக்கிப் பாய்வான். ரயிலு நிதானமாக இடது மூலையில் பந்தைப் போடுவான். கோல். எல்லாரும் ரயிலு மேல் விழுந்து கட்டிப்பிடிப்பார்கள். இவன் குனிந்தபடியே நிற்பான்.

ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம் என்று எட்டு ஆட்டம் போயிற்று. பந்து வரவே இல்லை. தான் சரியாக நிற்கவில்லையோ என்று அரை அடி தள்ளி நின்று பார்த்தான். வேலை முடிந்து தனியாக மைதானத்துக்குப் போய்ச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை மட்டையில் வாங்கி வாங்கிப் பழகினான். வலது முழங்கால் தோல் உரிந்து போயிற்று. அணியில் ஒருத்தன், "கோலுக்கு ரெண்டு கம்பம்தான் உண்டு, நமக்கு மட்டும் மூணு" என்று சொல்லிச் சிரிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பம். வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பாள், "இன்னைக்காவது போட்டீங்களா?" அவன் முகம் கழுவப் போய்விடுவான்.

அரையிறுதியும் அப்படித்தான் முடிந்தது. கோல் ரயிலுக்கு, வெற்றி ஆலைக்கு. தண்ணீர்க் குழாயடியில் கம்பம் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது தோற்ற அணியின் கோல்கீப்பர் வந்து பக்கத்தில் நின்றான். வயசில் மூத்தவன்.

"தம்பி, நீ நாடகத்துல நடிச்சிருக்கியா?"

"ஏங்க?"

"எட்டு வருஷமா கோல்ல நிக்கறேன். பொய்யா நிக்கறவனைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். நீ நின்னதைப் பார்த்து நானே நம்பிட்டேனே. என்னமா நடிக்கிற."

"நான் எங்க நடிச்சேன்? எனக்குப் பந்து வரும்னுதான் நிக்கறேன்."

கோல்கீப்பர் அவனை மேலும் கீழும் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்து, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "உங்கிட்ட சொல்லவே இல்லியா?" என்று கேட்டுவிட்டு, குழாயைக்கூட மூடாமல் போய்விட்டான்.

கம்பத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆக, எல்லாருக்கும் தெரியும். பந்தைத் தள்ளுகிறவனுக்குத் தெரியும், ரயிலுக்குத் தெரியும், தண்ணீர் தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். வயலில் குருவி விரட்ட நட்டு வைத்த பொம்மை மாதிரி தன்னை நிற்க வைத்திருக்கிறார்கள். பொம்மைக்காவது சம்பளக் கவலை கிடையாது. நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பான். தற்காலிகக்காரன் தலைவரின் சட்டையைப் பிடித்தால் மறுநாள் வாசலோடு சரி. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினான்.

மூன்றாம் நாள் இறுதி ஆட்டம். ஆளுக்கு ஒரு கோல், முடிய இரண்டு நிமிஷம், ஆலைக்குக் கார்னர். கம்பம் ஓடினான், ஓடுகிற கடமைக்கு. வலது கம்பத்தருகே போய் நிமிர்ந்து நின்றான். கத்தவில்லை. கோல்கீப்பர் இவன் பக்கம் திரும்பவில்லை, எவனும் இவனை நோக்கி வரவில்லை. எல்லாரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் ரயிலைத்தான் பார்த்தான்.

சாக்பீஸ் பந்தை நிறுத்தவில்லை. வந்த பந்தை அப்படியே வலது பக்கம் தள்ளிவிட்டார். தரையோடு தரையாக, கோடு போட்ட மாதிரி, இவன் கால்மாட்டுக்கு வந்தது. முன்னால் கோல் காலி. மட்டை முழங்கால் உயரத்தில் இருந்தது. இறக்குவதற்குள் பந்து அதன் அடியில் புகுந்து வெளியே போய்விட்டது.

கூடுதல் நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. கோப்பை போயிற்று.

அதிகாரியின் அறையில் மின்விசிறி ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "ரயிலு, பதினொரு கோல். நீ?" என்றார். கம்பம் வாசல் பக்கம் பார்த்தான். சாக்பீஸ் கதவோரமாகத்தான் நின்றார். காதில் சாக்பீஸ். அந்தப் பதினொரு கோலில் பாதிக்கு மேல் இவன் நின்ற நிற்பில் விழுந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த அறையில் வேறு ஆள் கிடையாது. அந்த மனுஷன் தரையைப் பார்த்தார். அதே வாரம் கம்பத்துக்கு மகள் பிறந்தாள். வேலை இல்லாத அப்பனாகத்தான் அவளைத் தூக்கினான்.

பிறகு மோட்டார் காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, சொந்தமாக ஒரு ஷட்டர் கடை போட்டான். பழுதுக்கு வருகிற பம்புகளில் பாதி அந்த ஆலையில் செய்தவை. திருப்புளியை எடுக்கும்போதே திட்ட ஆரம்பிப்பான். "எவன் கடைஞ்ச ஷாஃப்ட்டுன்னு தெரியும்யா எனக்கு" என்பான். வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் புரியாது. கடையில் ஹாக்கி பற்றி யாராவது வாயைத் திறந்தால் பம்பை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவான்.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான் மகள் மட்டையைத் தூக்கினாள். அடித்தும் பார்த்தான், பேசாமல் இருந்தும் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆலை, இப்போது பெண்கள் அணியும் வைத்திருக்கிறது. இரண்டு பேர் தற்காலிகம், ஒருத்தி நிரந்தரம், எதுவும் மாறவில்லை. பயிற்சி கொடுப்பது ஓய்வுபெற்ற சாக்பீஸ்.

போன மாதம், சாக்பீஸ் சாவதற்கு நாலு நாள் முன்னால், ஒரு காலையில் அவள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பா, எனக்கு இடம் குடுத்துட்டாரு. கார்னர் விழுந்தா வலது கம்பத்துக்கிட்ட நிக்கணுமாம்."

கம்பத்தின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. "வேற என்ன சொன்னாரு?"

"அவரு என்னத்தப் பேசுவாரு? பந்து வரும்னாரு."

அவன் செருப்புகூடச் சரியாக மாட்டவில்லை. மைதானத்தை ஒட்டின சாமான் அறையில் சாக்பீஸ் ஒரு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து, கிழிந்த கோல்கீப்பர் காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். மூச்சு வாங்கியது. அறை முழுக்க வியர்வையும் ரப்பரும் கலந்த நாற்றம்.

"என் தலையில மண்ணைப் போட்டது பத்தாதா? எம்பொண்ணு தலையிலயுமா?"

சாக்பீஸ் நிமிர்ந்து பார்த்தார். ஊசியைக் காலுறையிலேயே குத்தி வைத்தார். "உட்காரு."

"உட்கார வரல. அவகிட்ட சொல்லிட்டியா இல்லியா?" இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை நாக்கிலிருந்து நழுவியது. அவன் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

"இல்ல."

"என்னை ஏன்யா ஏமாத்தினே?"

"நீ நம்பினாத்தான் அவங்க நம்புவாங்க. உன் மூஞ்சிக்கு நடிக்க வராது." மூச்சு வாங்கிக்கொண்டார். "குழாயடியில அந்தக் கோல்கீப்பர் உங்கிட்ட பேசுனதைப் பார்த்தேன். திரும்பி வரும்போதே உன் மூஞ்சி செத்துப்போச்சு. இனிமே உன்னை எவனும் நம்பமாட்டான்னு தெரிஞ்சுது. எவனும் நம்பலைன்னா எவனும் உன்கிட்ட வரமாட்டான். அதனாலதான் ஃபைனல்ல உனக்குத் தள்ளினேன். வந்தானா எவனாவது?"

வரவில்லை. கம்பத்துக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காலிக் கோலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த மனுஷன் சொன்னது அச்சு அசலாகச் சரி என்பதுதான் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

"அதை எங்கிட்ட சொன்னா என்னய்யா? ஒரு வார்த்தை, 'தள்ளப் போறேன்'னு?"

"சொன்னா மறுபடி நம்பியிருப்ப. மறுபடி ரெண்டு பேரு உன்மேல வந்து விழுந்திருப்பாங்க. ஆட்டத்துல சொல்லாதது தப்பில்ல."

"தப்பில்லையா?"

"இல்ல. ஆபீஸ்ல சொல்லாததுதான் தப்பு. பெரிய தப்பு." இதைச் சொல்லிவிட்டுச் சாக்பீஸ் தன் அரை விரலைத் தடவிக்கொண்டார். "அன்னைக்கு எனக்கு வாய் வரல. போன வாரம் ரயிலுகிட்ட போனேன். இப்ப அவன்தானே அந்த நாற்காலியில இருக்கான். அந்தப் பொண்ணுக்குக் கோல் கணக்குப் பார்க்காதே, அவ நின்னு விழற கோல் எல்லாம் அவ கோலுன்னு சொன்னேன். எழுதி வெச்சுக்கிட்டான்."

கம்பத்துக்கு அழுகை வந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பான். வந்தது ஆத்திரம்தான். பக்கத்தில் கிடந்த வாளியை ஒரு உதை விட்டான். அதிலிருந்த பந்துகள் அறை முழுக்க உருண்டன. "இந்த வாயைத் தொறக்க உனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆச்சா? எம்பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? எந்தக் கடைக்காரன் கால்ல எல்லாம் போய் நான் நின்னேன்னு தெரியுமா உனக்கு?"

சாக்பீஸ் பெட்டியிலிருந்து இறங்கினார். குனிந்து, கைக்கு எட்டின பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். மூன்றாவது பந்துக்கே மூச்சு இரைத்தது. கம்பம் உதவிக்குக் குனியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப போய் அவகிட்ட சொல்லு" என்றான். "எனக்குச் செஞ்சதை அவளுக்குச் செய்யாதே. நீயே போய்ச் சொல்லு."

"எனக்கு வராதுடா. சொன்னா அவ ஆட்டம் கெடும், சொல்லாட்டி நீ என்னை உயிரோட விடமாட்ட." சாக்பீஸ் காது இடுக்கிலிருந்து அந்தச் சாக்பீஸ் துண்டை எடுத்தார். வழக்கமாகக் கோடு போடுகிற பெட்டி மூடியைப் பார்த்தார். போடவில்லை. துண்டை அவனிடம் நீட்டினார். அவன் வாங்காததால் பெட்டி மேலேயே வைத்தார். "நீ அவ அப்பன். நீயே சொல்லு. பந்து வரும்னு சொல்லணும்னா சொல்லு, வராதுன்னு சொல்லணும்னா அதைச் சொல்லு, அது உன் இஷ்டம். ஆனா எதைச் சொன்னாலும் சரி, ஸ்டிக்கை மட்டும் தரையிலேர்ந்து தூக்க வேணாம்னு சொல்லிடு."