ஆடி வெள்ளியில் காணாமற்போன பூசணிக்காய்

“பிங்கள வருஷம், ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி. கிராமத்தில் அம்மன் திருவிழா. பெரியப்பாவின் பூசணிக்காயைக் காணவில்லை. மழை இல்லை.”

என் பழைய டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. இங்கிலீஷ் கணக்கில் அது 1917. மழை இல்லை என்று எழுதி வைக்கத் தோன்றிய எனக்கு, காய் எங்கே போயிற்று என்று விசாரிக்கத் தோன்றவில்லை. அதற்கு 1937 வரை ஆயிற்று. அதுவும் என் மகன் கல்யாணம் நின்றுபோகும் நிலைக்கு வந்ததால்தான்.

எங்கள் கிராமம் கன்னடச் சீமையில், லிங்கராஜபுரத்தைத் தாண்டி, ஓர் ஏரிக்கரை முடிகிற இடத்தில் இருக்கிறது. கண்டோன்மெண்ட் மார்க்கெட்டுக்குக் காய்கறி பயிரிடுவதுதான் எல்லாருக்கும் தொழில். அந்த வருஷம் பெரியப்பா, காய்கறிக் கண்காட்சியில் பரிசு வாங்குவதற்காக ஒரே ஒரு வெள்ளைப் பூசணிக்காயை வளர்த்தார். கொடியில் இருந்த மற்ற பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டார். காய் எலுமிச்சம்பழம் அளவு இருந்தபோது அதன்மேல் நகத்தால் ஒரு சூலம் கீறினார். காய் பெருக்கப் பெருக்கச் சூலமும் பெருத்தது. பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். அதைக் காய் என்று அவர் சொன்னதே இல்லை. ‘பையன்’ என்றுதான் சொல்வார். “பையனுக்கு ராத்திரி பனி ஒத்துக்கலை” என்று பெரியம்மாவின் நல்ல கம்பளியை எடுத்துப் போய் அதற்குப் போர்த்தினார். பெரியம்மா பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் படுத்தாள்.

திருவிழா அன்று மாலை பையனைக் காணவில்லை. மறுநாள் காலை, கோயில் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த தோல் குவியலில் சூலம் இருந்தது.

கொட்டகையில் அன்று சமையல் பொறுப்பு பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. நிறைமாதக் கர்ப்பிணி. பெரியப்பா ஊர் நடுவில் நின்று அவளைத் திருடி என்றார்.

“எனக்கென்ன தெரியும் மாமா? வீட்டுக்கு ஒரு காய்னு வண்டியில வந்துச்சு. எல்லாத்தையும் வெட்டினது நீங்கதானே!” என்றாள் அவள்.

அதுவும் உண்மைதான். எங்கள் பக்கத்தில் முழுப் பூசணிக்காயில் பெண்கள் முதல் வெட்டுப் போட மாட்டார்கள். ஆண் ஒருவர் பிளந்து கொடுத்த பிறகுதான் நறுக்குவார்கள். அன்று ஆண்கள் அத்தனை பேரும், காயை இறக்கிவிட்ட வண்டிக்காரரும் நானும் உட்பட, கரகம் எடுத்துவர ஏரிக்குப் போயிருந்தோம். காலில் முள் குத்தியதால் ஊரில் தங்கிய ஒரே ஆண் பெரியப்பா.

“நான்தான் வெட்டினேன், யார் இல்லைன்னது? என் பையனை எனக்கு அடையாளம் தெரியாதா? அவனை நான் போனப்புறம் திருட்டுத்தனமா வெட்டியிருக்கே!”

இந்த வாதத்தோடு ஊர் கலைந்தது. அந்த ஆடி முடிவதற்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷமே குடும்பத்தோடு கண்டோன்மெண்ட் பக்கத்து அல்சூருக்கு வந்துவிட்டாள். நாங்களும் அங்கேதான் இருந்தோம். இருபது வருஷம் கழித்து என் மகன், கட்டினால் அவளுடைய அந்த மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றான்.

குடும்பத்தில் மூத்தவர் பெரியப்பா. “பூசணித் திருடி வீட்டுல சம்பந்தமா? தாலியை எடுத்துக் கொடுக்க நான் வரமாட்டேன்” என்று சொல்லியனுப்பினார். பெண்ணின் அம்மா அதற்கும் மேலே போனாள். “அவர் வரலைன்னா போகட்டும். ஆனா திருடி மகள்ங்கிற பேரோட என் பொண்ணை அனுப்ப மாட்டேன். திருடலைன்னு அவர் வாயால சொல்லட்டும்.” மகன் சாப்பாட்டைக் குறைத்தான்.

துப்பறியும் நாவல்கள் நிறையப் படித்தவன் என்ற முறையில் விசாரணையை நானே ஏற்றுக்கொண்டேன். தோட்டத்தின் வரைபடம் ஒன்று தயாரித்தேன். பூதக்கண்ணாடி ஒன்று இரவல் வாங்கினேன்.

“இருபது வருஷம் கழிச்சுக் கால்தடம் பார்க்கப் போறாராம்” என்று என் மனைவி பெண்ணின் அம்மாவிடம் சொன்னாள். “நாமளும் போவோம் அண்ணி. இவரைத் தனியா அனுப்பினா பெரிய மாமா இவரையும் திருடன்னுடுவார்.”

ஈசுவர வருஷம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஜட்காவில் போனோம். பெண்ணின் அம்மா கிராமம் வரை வந்தாளே தவிர, வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று ஜட்காவிலேயே உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா அவளைப் பார்க்காத மாதிரி குதிரையை மட்டும் நலம் விசாரித்தார்.

பையன் கிடந்த இடத்தில் இப்போது மாட்டுக் கொட்டில். நான் பூதக்கண்ணாடியோடு குனிந்து தேடினேன். பசு என் குடுமியை நக்கியது.

“என்னடா தேடுறே? கடுக்கன் விழுந்துடுச்சா?” என்றார் பெரியப்பா.

“தடயம் தேடறேன் பெரியப்பா.”

“சாணிதான் கிடைக்கும். தேடு.”

உச்சி வெயில் ஏறியது. என் மனைவி போய்ப் பெண்ணின் அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிச் சமையற்கட்டுக்கு அழைத்து வந்தாள். சமைக்க அல்சூரிலிருந்து என் மனைவி கொண்டுவந்திருந்த காய், எத்தனையோ காய் இருக்க, பூசணிக்காய்! வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டேன். மார்க்கெட்டில் அதுதான் மலிவு என்றாள்.

“மாமா, ஒரு வெட்டுப் போட்டுக் குடுங்க!” என்று கூப்பிட்டாள்.

நானும் ஆண்தான் என்று சொல்லிப் பார்த்தேன். “நீங்க அளந்து, கோடு போட்டு, அப்புறம் வெட்டுவீங்க. பசிக்குது” என்றாள்.

பெரியப்பா கத்தியோடு வந்து உட்கார்ந்தார். இரண்டு பெண்களும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கர்ப்பிணி பூசணிக்காய் வெட்டுவதைப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் ஊரில் அது வளர்ந்து, எந்தப் பெண்ணும் பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. நான் திரும்ப வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரியப்பா காயைப் பார்க்காமலே கையால் தடவி இடம் பிடித்தார். முகத்தைக் கூரைப்பக்கம் தூக்கினார். கண்ணிரண்டையும் இறுக மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே போடு. கண்ணைத் திறக்காமலே, பிளந்த காயைப் பின்னால் தள்ளிவிட்டு, “ஆயித்தா? ஆயித்தா?” என்று கன்னடத்தில் கேட்டார். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

“ஆயிடுச்சு” என்றேன். “பெரியப்பா, எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டீங்க?”

“பின்னே? காயை வளர்க்கிறவன்டா நான். அது ரெண்டாப் பிளக்கிறதைக் கண்ணால பார்க்க மனசு வருமா? எப்பவும் மூடிக்கிட்டுத்தான் வெட்டுவேன்.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

பெண்ணின் அம்மா மெதுவாகத் திரும்பினாள். “அன்னிக்கும் இப்படித்தானா மாமா?”

பெரியப்பா கத்தியைக் கீழே வைத்தார். பிளந்து கிடந்த காயைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். அடுப்பிலிருந்த உலை கொதித்து வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

“அப்போ பையனை... நானேவா?”

பிறகு பெரியப்பா தாழ்ந்த குரலில், “கூட்டு எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டார்.

“நீங்க திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டீங்க மாமா. இன்னொரு கரண்டி போடும்மா, கூட்டு தேவாமிர்தம்னு சொன்னீங்க.”

பெரியப்பா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று கிட்டே போனேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் பெண்ணின் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார்.

“நீ திருடலைம்மா. ஊருக்கு நடுவுல திருடின்னேன். ஊரைக் கூட்டு, அதே இடத்துல நின்னு சொல்றேன்.”

“ஊரெல்லாம் வேணாம். கல்யாணத்துக்கு வாங்க. தாலியை எடுத்துக் கொடுங்க.”

“வர்றேன். விருந்துல பூசணிக்காய் மட்டும் வேணாம்.”

“கட்டாயம் உண்டு. நீங்கதான் வெட்டணும். கண்ணைத் தொறந்துக்கிட்டு.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெரியப்பா வந்தார், தாலியை எடுத்துக் கொடுத்தார், காயும் வெட்டினார். ஒரு கண்ணைத் திறந்திருந்ததாக என் மகன் சொல்கிறான். மணமேடையில் உட்கார்ந்திருந்தவனுக்குச் சமையற்கட்டு எப்படித் தெரிந்தது என்று அவன் விளக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. வீட்டுக்கு ஒரு காய் வாங்கிக்கொண்டு வண்டி வந்தபோது பெரியப்பா முள் எடுக்கப் போயிருந்தார். வீட்டில் இருந்தவள் பெரியம்மா ஒருத்திதான். அந்தக் காயை வண்டியில் ஏற்றியது அவள்தானா, அப்படியானால் தெரியாமல் ஏற்றினாளா, தெரிந்தே ஏற்றினாளா என்று கேட்க அவள் இப்போது உயிரோடு இல்லை. வண்டிக்காரரும் இல்லை. திருவிழா அன்று இரவு அவள் தன் நல்ல கம்பளியைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினாள் என்பது பெரியப்பா தாமாகச் சொன்னது. காயை ஏற்றியது யார் என்பது இந்தத் தேதி வரை உறுதியாகவில்லை.