அந்த ஒரு பந்தயத்தில் அவன் சுத்தம்

நான் பொய் சொன்னேன். கேமரா முன்னால் உட்கார்ந்து, சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு, நிதானமாக யோசித்து ஒரு பொய் சொன்னேன். அந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவரென்றால், என் குரல் உடைந்த இடத்தில் நீங்களும் கலங்கியிருப்பீர்கள். நன்றாக ஏமாந்தீர்கள்.

பாதிரியாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான் நான். ஆனால் அவர் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி, மன்னித்து அனுப்பிவிடுவார். மன்னிப்பு கேட்கிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். உங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

படம் சேகரைப் பற்றியது. சைக்கிள் சாம்பியன், புதுவாயல் சேகர். பதக்கம் பதக்கமாக வாங்கி வந்தவன். ஒரு நாள் பரிசோதனையில் ஊக்கமருந்து அகப்பட்டது. தண்ணீர் பாட்டிலில் எவனோ கலந்துவிட்டான் என்று டிவியில் அழுதான். ஊரே நம்பி, அவனுக்காகக் கூட்டுச் சாலையில் ஊர்வலம் போனது. சில வருடம் கழித்துப் படம் எடுக்க வந்தவர்களிடம் அவனே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். எந்தெந்தப் பந்தயம், எத்தனை ஊசி, யாரிடம் பொய் சொன்னான்... எல்லாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க கம்பெனி ரேஸ், அதான் மொதல் ரேஸ். அது மட்டும் சுத்தம். அதுல என் காலு மட்டுந்தான் இருந்துச்சு" என்றான்.

அது உண்மையா என்று கேட்கத்தான் என்னைத் தேடி வந்தார்கள். அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவன் நான்.

அந்தப் பந்தயத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளிகள். எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, நிரந்தரத் தொழிலாளிகளுக்கு நீலச் சட்டை. கேன்டீனில்கூட நீலச் சட்டை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாம்பல் சட்டை உட்காரலாம். அந்த வருடம் நிர்வாகம் ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தது. புதுவாயலில் கிளம்பி ஆரம்பாக்கம் போய்த் திரும்ப வேண்டும். ஜெயிக்கிறவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. ஒரே ஒரு நீலச் சட்டை.

படத்தில் நான் சொன்னது இதுதான். "பந்தயத்துக்கு முன்னாடி பெட்ரோல் பங்க் பாத்ரூமுக்குப் போனேன். கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. தள்ளினேன். உள்ள சேகர் தொடையில ஊசி குத்திக்கினு இருந்தான். நான் ஒண்ணும் கேக்கல. லைன்ல நிக்க சொல்றாங்க, சீக்கிரம் வான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."

தாழ்ப்பாள் இல்லாத கதவு உண்மை. ஊசி உண்மை. அந்த வார்த்தைகளும் அப்படியே உண்மை. ஆள்தான் மாறிவிட்டது. உள்ளே தொடையில் குத்திக்கொண்டிருந்தவன் நான். கதவைத் தள்ளியவன் சேகர்.

பொய்யைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தால் எங்கேயாவது தடுக்கி விழுந்திருப்பேன். நடந்ததைத்தானே சொன்னேன்? அதனால்தான் நீங்கள் நம்பினீர்கள்.

மருந்து போட்டவன்தானே ஜெயித்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திரும்பும்போது பழவேற்காட்டுப் பக்கக் காற்று முகத்தில் அறைந்தது. அவன் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போனான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுகமாக வந்தேன். கடைசியில், கொடி கண்ணில் பட்டதும் வெளியே வந்து மிதித்தேன். உடம்பெல்லாம் நெருப்பாக இருந்தது. ஆனாலும் அவன் ஒரு சக்கர அளவு முன்னால் போனான். வெறும் காலோடு...

ஏமாற்றி என்னைத் தோற்கடித்திருந்தால் மன்னித்திருப்பேன். ஏமாற்றியும் என்னால் ஜெயிக்க முடியவில்லை என்பதை அவன் ஒருவன் பார்த்துவிட்டான். அவனை எப்படி மன்னிப்பது?

அன்று அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கோப்பையை அந்தக் குழந்தையின் மடியில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். குழந்தை கோப்பையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து, சேகர் நீலச் சட்டையில் என்னிடம் வந்தான். "அது இன்னா மருந்துடா? எங்க கெடைக்குது?" என்றான். மாநில அளவில் ஓட்டப் போகிறானாம். பயமாக இருக்கிறதாம். நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆமாம், நான்தான்! அவனும் அழுக்காகட்டும், என்னைப் பார்க்கிற அந்தப் பார்வை மாறட்டும் என்று நினைத்தேன். படத்தில் இதை நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு அவன் மாலையோடு கம்பெனி வாசலுக்கு வந்த நாட்களில், சாம்பல் சட்டைகள் எல்லோரும் வெளியே வந்து கைதட்ட வேண்டும் என்று சூப்பர்வைசர் விரட்டுவார். தட்டினேன். ஒரு முறை மைக்கைப் பிடித்து, "நம்ம ஆரோக்கியம் இன்னும் கொஞ்சம் உழைச்சிருந்தா இங்க அவன் நின்னுக்கினு இருப்பான்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்பாகத்தான் சிரித்தான் என்று என் மனைவி சொல்வாள். அந்தச் சிரிப்பை நான் மென்று விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கேமரா வரும்வரை வாயிலேயே வைத்திருந்தேன்.

படம் வெளிவந்த வாரம் கேன்டீனில் எல்லோர் செல்போனிலும் என் முகம். சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். "உண்மையான சாம்பியன் நீதான்யா" என்றார்கள். இனித்தது. இப்போதும் இனிக்கிறது... அதை மறைத்தால் இந்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும்.

மறு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்த நேரம், சேகர் வந்தான். கையில் லுங்கியில் சுற்றிய ஒரு பொருள். பிரித்து மேசை மேல் வைத்தான். அந்தக் கோப்பை. புளி போட்டுத் துலக்கியிருந்தான்.

"இந்தா. ஊரு சொல்லிடுச்சு, உன்னுதாம்."

கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்.

"மத்ததெல்லாம் நானே திருப்பிக் குடுத்துட்டேன். திருடுனது, குடுத்துட்டேன். இது ஒண்ணுதான் ஊட்ல இருந்துச்சு. உன் பேர நான் எங்கயும் எடுக்கல, ஆரோக்கியம். எடுத்தா நீ இன்னா ஆவன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்தான். "ஊருக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். என் பொண்ணாண்ட மட்டும் சொல்லு. அந்த போட்டோவ அவளே செவுத்துலேர்ந்து எடுத்துட்டா. அன்னிக்கு உங்கப்பன் சுத்தமா ஓட்டினான்னு ஒரு வார்த்தை..."

என்னிடம் கையேந்துகிற சேகரைப் பார்க்கத்தானே பதினெட்டு வருடம் காத்திருந்தேன். உடனே விட்டுவிடுவேனா?

"எந்த ரேஸ சொல்ற சேகரு? எனக்கு ஞாபகம் இல்லியே" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. லுங்கியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனான். வாசலில் செருப்பைத் தேடி மாட்ட அவனுக்கு நேரமாயிற்று. நான் உள்ளேயே நின்றேன்.

அந்தக் கோப்பை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அதன் ஒரு காதில் சின்னச் சின்னத் தடம் இருக்கிறது. குழந்தைப் பல் பித்தளையில் பதியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

அந்தக் குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது. பெயர் நிவேதா. எங்கள் கம்பெனியிலேயே பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் சாம்பல் சட்டைதான். தினமும் காலையில் புதுவாயலில் நாங்கள் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறோம். சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். பஸ் தொழிற்பேட்டைக்குள் நுழைய அரை மணி ஆகிறது.

தன் அப்பா ஏமாற்றி என் நீலச் சட்டையைப் பறித்துவிட்டார் என்று நம்புகிற பெண் அவள். நான் ஏறியதும் எழுந்துவிடுவாள். "நீங்க ஒக்காருங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்பாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கம்.

இன்று காலையும் எழுந்தாள். நான் உட்கார்ந்தேன்.