மீன் தின்னாத எலும்புகள்

போன வாரம் முள்ளிப்பட்டிலிருந்து சேகர் பேசினார். "சார், அக்கா காலையில பூட்டாங்க" என்றார். இறந்த செய்தியைச் சொல்லிவிட்டு, அடக்கம் எப்போது என்றும் சொன்னார். அவருடைய அக்கா பரிமளாவும் நானும் சென்னை ஆய்வகம் ஒன்றில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டவர்கள். அவரை அறிந்த நண்பர்களான உங்களுக்கு அவற்றில் பெரிய சண்டையைச் சொல்கிறேன். அதில் தோற்றவன் நான்.

பெரு நாட்டு மலை ஊர் ஒன்றின் பழங்கால இடுகாட்டிலிருந்து எங்களுக்கு எலும்புத் துண்டுகள் வந்திருந்தன. அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். எலும்பிலிருந்த கார்பன் மக்காச்சோளத்தைக் காட்டியது. அதில் தகராறு இல்லை. ஆனால் கனமான நைட்ரஜன் மிக அதிகமாக இருந்தது. கடல்மீன் நிறையச் சாப்பிட்டவர்களின் எலும்பில் அது கூடும். கருவாடு மலையேறியிருக்கிறது என்று நான் அறிக்கையே எழுதிவிட்டேன். பரிமளா கையெழுத்துப் போட மறுத்தார்.

"ஆளு இன்னா துன்னான்னு பாக்கறீங்க. அந்த மண்ணு இன்னா துன்னுச்சுன்னு கேட்டீங்களா?"

அவருடைய அப்பா பெரணமல்லூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்தவர். நாரைகள் அடைந்து எச்சமிடும் ஏரியின் வண்டலை வண்டி வண்டியாக அள்ளி அந்த வயல்களில் அவர் கொட்டியதைப் பரிமளா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். பெருவின் கடலோரத் தீவுகளிலும் பறவை எச்சம் குன்றாகக் குவிந்து கிடக்கும். அதை மலைக்குச் சுமந்துபோய் எருவாகப் போட்டிருந்தால், பறவை தின்ற மீனின் நைட்ரஜன் சோளம் வழியாக மனிதருக்கு வந்திருக்கும் என்றார்.

நான் சிரித்தேன். மேலிடம் நான்கு மாதம் அவகாசம் கொடுத்தது. அதற்குள் நிரூபிக்காவிட்டால் என் அறிக்கைதான் வெளியே போகும்.

பரிமளா முள்ளிப்பட்டு வீட்டு மொட்டைமாடியில் மக்காச்சோளத் தொட்டிகளை வைத்தார். பாதிக்கு நாரை எச்சம், பாதிக்கு வெறும் மண். சேகர் பட்டுத்தறியிலிருந்து எழுந்துபோய்த் தினமும் தண்ணீர் ஊற்றினார். "வூடே நாறிகினு கெடக்குது சார். பொடவை எடுக்க வர்றவரு மூக்கப் பொத்திகினு நிக்கறாரு" என்று என்னிடம் போனில் புலம்பினார்.

எச்சம் போட்ட கதிர்களில் கனமான நைட்ரஜன் எகிறியிருந்தது. அப்போதும் நான் விடவில்லை. "நடந்திருக்கலாம்ங்கறது வேற, நடந்துச்சுங்கறது வேற" என்றேன்.

பரிமளா எழுந்துபோய், எலும்புப் பெட்டியின் அடியில் நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கியிருந்த பொட்டலத்தை எடுத்துவந்தார். அந்த ஊர்க்காரர்கள் அடுப்படியில் வளர்த்த கினிப்பன்றிகளின் எலும்புகள். புல்லும் சோளத்தட்டையும் தின்கிற சின்னப் பிராணி அது. சோதித்துப் பார்த்தால், அவற்றிலும் அதே நைட்ரஜன் ஏறியிருந்தது.

"இதுங்களும் மீன் கொழம்பு ஊத்திகினுதான் சாப்ட்டுச்சா, சார்?"

ஆய்வகமே கைதட்டியது. நானும் தட்டினேன். தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்று மட்டும்தான். அவர் ஒரு தாளை நீட்டினார். "மீன் இல்லை, எரு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதைச் சட்டம் போட்டுத் தன் மேசைக்கு மேல், எனக்குத் தெரிகிற மாதிரி மாட்டிவைத்தார், மகராசி.

முள்ளிப்பட்டு மாடியில் விளைந்த கதிர் ஒன்று என்னிடம் இருக்கிறது. நேற்று புதிதாக ஒரு எலும்புப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் கையெழுத்துக்காகக் காத்து நின்றார். "அந்த ஊர் மண்ணுக்கு என்ன எரு போட்டார்கள்?" என்று கேட்டேன். அவர் ரசீதையும் பேனாவையும் நீட்டினார். எதிர் மேசைக்கு மேலே என் கையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது.