விதை வெங்காயமும் மச்சான் இடுப்புச் சாவியும்

கதவைத் திறந்ததும் குப்பென்று வெங்காய வாசனை.

பினாயில் வாசனை வரவேண்டிய இடம் அது. நானே செங்கல் அடுக்கி, நானே பூசி, நானே பீங்கான் பதித்த கக்கூஸ். பீங்கானுக்கு மேலே பலகை போட்டு, தலை முட்டுகிற உயரத்துக்கு விதை வெங்காயம். காற்றுக்கு நான் விட்டிருந்த ஜாலி ஓட்டை வெங்காயத்துக்கு ரொம்பத் தோதாம்.

"வெங்காயத்த அடுக்கி வைக்கத் தனியாப் பட்டறையே போட வேண்டாம் மாப்ள. ஒண்ணுகூட அழுகல" என்று என் கொத்து வேலைக்கு சர்டிபிகேட் கொடுத்தார் சவரிமுத்து மச்சான். என் அக்கா ஆரோக்கியத்தின் வீட்டுக்காரர்.

நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டச் சொல்லி மும்முரமாக இருந்த காலம். எரியோடு பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கும் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. சுவரெல்லாம் படம். மகளிர் குழுப் பெண்கள் விடிந்தும் விடியாமல் விசிலோடு குளத்தங்கரையில் நின்றார்கள். சொம்போடு போகிற ஆளைக் கண்டால் ஒரே ஊது...

எனக்குக் கை நிறைய வேலை. ஊரில் பாதிக் கக்கூஸ் என் கைப்பட்டதுதான். ஒன்றையும் யாரும் தொடவில்லை!

காரணம் குழி. ஆழம் நாலே அடி. பக்கத்தில் இன்னொரு நாலடிக் குழி. ஒன்று நிறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடியது ரெண்டு வருசம் கிடந்தால் மண்ணாகிவிடும். கட்டும்போது எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டி முடித்ததும் குழியை எட்டிப் பார்த்து, "இம்புட்டுத்தானா? ஒரு மாசத்துல ரொம்பிருமே" என்று பயந்துவிட்டார்கள். அதனால் பட்டுச்சேலை மாதிரி பத்திரப்படுத்தினார்கள். டவுனிலிருந்து விருந்தாளி வந்தால் மட்டும் திறப்பு. மற்ற நாளில் ஒரு வீட்டில் விறகு, ஒரு வீட்டில் அடைகாக்கிற கோழி.

மச்சான் வீட்டில் பூட்டு. சாவி அவர் இடுப்பில்.

நான் ஊரையே கேலி பண்ணிக்கொண்டு திரிந்தேன். கோழி வீட்டுக்குப் போய், "உள்ள ஆள் இருக்கா?" என்று கதவைத் தட்டுவேன். அப்படித்தான் போயிருக்கும்... அக்காவுக்கு நீர்க்கடுப்பு வராமல் இருந்திருந்தால்.

திண்டுக்கல்லுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். மூன்றாவது தடவை. டாக்டரம்மா, "தண்ணி நல்லா குடிங்க" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி நீட்டினேன். வாயை மட்டும் நனைத்துவிட்டு மூடிவிட்டாள்.

"குடிக்கா."

"குடிச்சுட்டு? பொழுதடையிற வரைக்கும் நான் எங்க தம்பி போறது? விசிலுக்காரிக வேற நிக்கிறாளுக."

களையெடுக்கிற வெயிலில்கூட மதியத்துக்கு மேல் அவள் ஒரு மடக்கும் குடிப்பதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் இறக்கிவிட்டு மச்சானைப் பிடித்துக்கொண்டேன்.

"வெங்காயத்துக்கு ரூம் போட்டுக் குடுத்திருக்கீரு மச்சான். எங்கக்காவுக்கு முள்ளுக்காடா?"

"ஏலே, பேச நல்லாத்தான் இருக்கும். குழி ரொம்பிருச்சுன்னா? ஒரு ஆளக் கூப்பிட்டு அள்ளச் சொல்றது பாவம்ல? நீ அள்ளுவியா?"

"அள்ளுறேன்."

வாய் முந்திவிட்டது.

எங்கள் வீட்டில் அதற்கு வெகு முன்னாலேயே இதே மாதிரி ரெண்டு குழி வைத்துக் கக்கூஸ் கட்டியிருந்தேன். என் வீட்டுக்காரி டவுன்காரி, கக்கூஸ் இல்லாமல் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றவள். அதில் முதல் குழியை மூடி ரெண்டு வருசம் தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மச்சானை நேரே அங்கே இழுத்துப் போனேன். வேடிக்கை பார்க்கப் பாதித் தெரு. அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் மண்ணாகிவிடும் என்று சொன்னவன்தான், நான் ஒன்றையும் அதுவரை திறந்து பார்த்ததில்லை. கடப்பாரையை விட்டு மூடியை நெம்பினேன்.

வாசனையே இல்லை. மண்வெட்டியில் வந்தது பொலபொலவென்று காபித்தூள் மாதிரி... ஒரு கை அள்ளி மச்சான் முன்னால் நீட்டினேன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

"ஓடாதேயும் மச்சான், கடிக்காது."

தெருவே சிரித்தது. மனிதர் ரோசக்காரர், நின்றுவிட்டார். துண்டை மெதுவாக எடுத்தார். என் கையை உற்றுப் பார்த்தார். அப்புறம் அவரை அறியாமலே ரெண்டு விரலில் ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கினார், நடவுக்கு முன்னால் வயலில் நசுக்கிப் பார்ப்பாரே, அதே மாதிரி.

"ஏலே... ஈரப்பதமே சரியா இருக்கே." அப்புறம் குரலை இறக்கி, "இத யாருக்குக் குடுக்கப் போற?"

ரெண்டு மூட்டை அவருடைய முருங்கைக்குப் போனது. சுமந்துபோனதும் அவர்தான்.

மறுநாள் காலையில் நான் போனபோது வெங்காயமெல்லாம் வாசலில் சாக்கு விரித்துக் காய்ந்தது. சாவி கதவிலேயே தொங்கியது. அன்றையிலிருந்து அக்கா அங்கேதான் போனாள். மச்சான் மட்டும் இன்னும் ஒரு மாசம் குளத்தங்கரைக்குத்தான் போனார். விசில் சத்தம் கேட்டாலே, "மச்சான் கிளம்பிட்டாரு" என்பேன்.

இப்போது விசில் இல்லை. படமெல்லாம் வெளுத்துப்போச்சு. கோடையில் தண்ணீர் வராத நாளில் பழையபடி குளத்தங்கரைக்கு நடக்கிற ஆளும் இருக்கிறார்கள், பொய் சொல்லக்கூடாது. ஒரு வீட்டில் விறகு இன்றைக்கும் என் டைல்ஸ் மேல்தான் சாய்ந்திருக்கிறது. மச்சான் தன் வீட்டில் மூடிவைத்த முதல் குழியை எப்போது திறக்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார், முருங்கைக்காக.

நேற்று வெயிலில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மணி மூன்று இருக்கும். நான் நீட்டிய சொம்பை அண்ணாந்து, நிறுத்தாமல், முழுசும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வெறும் சொம்பை என்னிடமே நீட்டினாள்.

"என்னடா பாக்குற? இன்னொரு சொம்பு கொண்டா."