வர வேண்டாம் என்று எழுதிய அட்டை

ஒவ்வொரு நத்தாருக்குப் பிறகும் எங்கள் சபையில் ஒரு கட்டு அட்டையை என் கையில் தருகிறார்கள். பண்டிகை ஆராதனைக்குப் புதிதாக வந்தவர்கள் எழுதிக் கொடுத்த வரவேற்பு அட்டைகள். அவற்றை வீட்டு ஜெபக்குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, புதியவர்களை எப்படி விசாரிப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. "எங்கட குடும்பத்தில முதல் படிச்சவன்" என்று பெரியப்பா என் முதுகில் தட்டி எல்லோருக்கும் அறிமுகம் செய்வார். நான் சொல்லிக்கொடுப்பது இரண்டே விதி. அட்டையில் எழுதியிருப்பதை எழுதியபடியே வாசியுங்கள். முன்கதவு திறக்காவிட்டால் திரும்பி வாருங்கள். இதைச் சொல்ல ஒரு படித்தவன் வேண்டுமா என்று சிரிக்கிறார்கள். எனக்கு ஒருபோதும் சிரிப்பு வந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. பிரெஞ்சு பேசும் ஒரு கனடிய நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் இருந்தோம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சென்ட் லோரன்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை. மட்டக்களப்பில் வயலும் தோணியுமாக இருந்த குடும்பம். பெரியவர்களில் ஒருவருக்கும் எழுத்து வாசிப்புக் கிடையாது. பெரியப்பா வேத வசனங்களைப் பாராமல் சொல்வார், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பிசகாமல் சொல்வார். அவர்தான் எங்கள் ஜெபக்குழுவின் தலைவர். ஆகையால் அட்டை வாசிப்பது நானாக இருந்தது. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நத்தாருக்கு எங்கள் குழுவுக்கு நான்கு அட்டைகள் கிடைத்தன. மூன்றில் முகவரி, தொலைபேசி எல்லாம் இருந்தன. நான்காவதில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும். அதற்குக் கீழே, ஜெபக்குறிப்பு என்ற இடத்தில், மணிமணியான கையெழுத்து: எனக்கும் மகளுக்கும் ஜெபியுங்கள். தயவுசெய்து வீட்டுக்கு வர வேண்டாம்.

நான் உரத்து வாசித்தேன். எல்லோருக்கும் அந்த அன்ரியை நினைவிருந்தது. கடைசி வாங்கில் உட்கார்ந்து, பாலன் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாடியவர். போதகர் கடைசி ஆசீர்வாதம் சொல்லும்போதே மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டவர்.

"எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க. வெக்கம்" என்றார் பெரியப்பா. "நாம போய் நிண்டா சந்தோசப்படுவாங்க."

"வர வேணாமெண்டு எழுதியிருக்கே, அத்தான்" என்றார் அம்மா.

"வாசிக்கத் தெரியாத உனக்கு எழுத்தைப் பத்தி என்ன கதை?"

அறை முழுக்கச் சிரித்தது. அவருக்கும்தான் வாசிக்கத் தெரியாது. அது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நானும் சிரித்தேன்.

முகவரி இல்லாமல் எங்கே போவது என்று அப்பா கேட்டார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை என் பள்ளிக்கூடம்தான். ரொறன்ரோவில் இருந்து வந்து இரண்டு மாதமாகப் புதுப்பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் இருந்தாள். பள்ளிவிட்டால் தெருவால் போகமாட்டாள். வீடுகளுக்குப் பின்னால் பனி மூடிய ஒழுங்கையால் ஓடி, கட்டடத்தின் பின்பக்கத்து இரும்புப் படியில் மூன்றாம் மாடிக்கு ஏறுவாள். ஏறுமுன் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள். அது ஏதோ விளையாட்டு என்று எண்ணி, நான் மறைந்து மறைந்து பின்னால் போயிருக்கிறேன்.

வருடம் பிறந்து முதல் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறு பேர் போனோம். அம்மா பட்டர் கேக் செய்து தகரப்பெட்டியில் வைத்திருந்தார். முன்வாசலில் மணியை அடித்தோம். மறுபடி அடித்தோம். பதில் இல்லை. குளிர் காதைக் கடித்தது.

"ஆள் இல்லப் போல. வாங்க போவம்" என்றார் அப்பா. எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நாலு அடி நடந்தும் விட்டார்கள்.

"பின்னால ஒரு படி இருக்கு, பெரியப்பா" என்றேன்.

"அடி சக்கை! இவன்தான்டா கெட்டிக்காரன்!"

இரும்புப் படி ஆறு பேரின் பூட்ஸ் சத்தத்தில் அதிர்ந்தது. குசினிக் கதவைத் திறந்த அன்ரியின் முகத்தில் இரத்தமே இல்லை. எங்களைக் கண்டதும் "நீங்களா?" என்றார். பெரியப்பா அதை வரவேற்பாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் ஆட்கள் வீடு தேடி வந்தால் எந்தப் பெண்ணாலும் தேத்தண்ணி வைக்காமல் இருக்க முடியாது. அவரும் வைத்தார். கோப்பையை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் வட்டவட்டமாக மூன்று பழைய தழும்புகள். சட்டென்று கையை இழுத்து மூடினார். அன்ரிக்குக் குளிருது என்று நினைத்தேன். முன்கதவுக்குப் பக்கத்தில் இரண்டு சூட்கேசுகள் பூட்டித் தயாராக இருந்தன. எங்கேயோ விடுமுறைக்குப் போகிறார்கள் என்று பொறாமைப்பட்டேன்.

"ஊரில எவடம், புள்ள?" பெரியப்பா தொடங்கினார். 

"மட்டக்களப்புதான்." 

"அது தெரியுது. மட்டக்களப்பில எவடம்?" 

"டவுன் பக்கம்." 

"டவுனில எந்த ரோட்டு? ஆர்ர மகள்?"

அன்ரி சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு பெயர் சொன்னார். பெரியப்பா மகளிடம் திரும்பினார். "அம்மப்பாட பேரென்ன, மனே?" பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டாள்.

எங்கள் சனத்துக்கு ஒரு மனிதரை நேசிப்பதென்றால் முதலில் அவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஊர், தெரு, தகப்பன் பெயர் தெரியாதவருக்காக ஜெபிக்கவும் வாய் வராது. தன்னை ஒருவரும் கண்டுபிடிக்க வேண்டாம் என்று ஒருவர் நினைக்கக்கூடும் என்பதை யோசிக்க அந்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் புத்தி இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மெல்லக் கேட்டார்: "அந்தப் புள்ளேட கையப் பாத்தீங்களா?"

"அடுப்படியில நிக்கிற கை சுடத்தான் செய்யும்" என்றார் பெரியப்பா.



அடுத்த நாள் பெரியப்பா டெப்பனரில், அதுதான் தெருமுனைக் கடையில், போன் கார்ட் வாங்கி வந்து மூன்று அழைப்பு எடுத்தார். முதல் இரண்டும் ஊருக்கு, அந்த அம்மப்பாவின் பெயரைச் சொல்லி விசாரிக்க. மூன்றாவது, ரொறன்ரோவில் அன்ரியின் புருஷன். ஆறு மாதமாகப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் தேடுகிறானாம். போனில் அழுதான். பெரியப்பாவும் அழுதார். "மூண்டே கோலில ஆளப் பிடிச்சிட்டன்" என்று கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா அந்தக் கிழமை அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை.

வந்த ஞாயிறு அன்ரி, மகள், ரொறன்ரோவில் இருந்து வந்த புருஷன் மூவரும் சபையின் முன்னால் நின்றார்கள். பிரிந்த குடும்பத்தை ஆண்டவர் சேர்த்துவைத்தார் என்று பெரியப்பா சாட்சி சொன்னார். "வழி காட்டினது இந்தப் பொடியன்" என்று என்னையும் மேடைக்கு ஏற்றினார். போதகர் ஸிப் வைத்த உறையோடு ஒரு வேதாகமம் பரிசு தந்தார். சனம் எழுந்து நின்று கை தட்டியது. புருஷன் அன்ரியின் தோளைப் பிடித்தபடி எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். நன்றிப் பாட்டு வந்தபோது அன்ரி பாடவில்லை. நத்தாரன்று அவ்வளவு பாடியவருக்கு இந்தப் பாட்டுத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தமிழ்ப் பாட்டுப் பாட ஆசைப்பட்டு அவர் தன் ஒளிவிடத்தை விட்டு ஒரே ஒரு நாள் வெளியே வந்தார். அட்டையில் கெஞ்சியும் எழுதினார். அந்த ஆசைக்கு நாங்கள் கொடுத்த பதில் இது. குழுவின் அறிக்கையையும் நான்தான் எழுதினேன், என் நல்ல கையெழுத்தில்: சந்தித்தோம், குடும்பம் சேர்ந்தது. பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "சந்தோசமா இருப்பாங்க" என்கிறார் பெரியப்பா, இன்றைக்கும். யாரையும் மூன்று அழைப்பில் பிடிக்கிறவர், அதன் பிறகு ஒரு அழைப்புக்கூட எடுக்கவில்லை.

அன்றைக்கு ஆராதனை முடிந்து கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். வெளியே அவளுடைய அப்பா கார் ஹோர்னை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையுறையைப் போட்டு மற்றதைப் போடாமல் நின்றாள்.

"பின்படிய ஆர் காட்டினது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பரிசு வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன், அவள் இப்போது நன்றி சொல்லப்போகிறாள் என்று.