மிசாவோ எடுத்த மூன்று நாள் விடுப்பு

பள்ளிக்கூடச் சமையலறையில் மிசாவோ என் பக்கத்தில் நின்று பதினோரு வருஷமாகக் காய் நறுக்குகிறாள். வேகத்தில் ஒருநாளும் என்னை முந்தியதில்லை. ஆனால் முன்னூற்று நாற்பது பிள்ளைகளின் தட்டிலும் அவள் வெட்டிய கேரட் ஒரே கனத்தில் இருக்கும். எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பாள். பெரிய அண்டாவை நீயே தேய் என்றாலும் ஆகட்டும், புத்தாண்டு விடுமுறையில் நீயே வந்து சாவியை வாங்கிக்கொள் என்றாலும் ஆகட்டும். அந்த 'ஆகட்டும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் புருஷன் கட்சுயா மீன் ஏலக்கூடத்தில் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும் வந்தவர்கள் எல்லாம் அவரவர் வழியில் போனார்கள். மிஞ்சியது மாமியார் தோமே. வயது எண்பத்தெட்டு. புத்தி கத்தி மாதிரி, கால்தான் வராது. டோக்கியோவில் இருக்கும் நாத்தனார் வருஷத்துக்கு ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்புவதோடு சரி. மூத்த மகனின் மனைவி இருக்கும்போது மகள் எதற்கு வரவேண்டும் என்பது எங்கள் ஊர் நியாயம். மூத்த மகனே இல்லையே என்று யாரும் கேட்டதில்லை. மிசாவோவும் கேட்டதில்லை.

கேட்டவள் அவளுடைய தங்கை ஹிடெமி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம். இருபத்திரண்டு வயதில் கனடாவுக்குப் போனவள் கடைசியாக வந்துபோய் ஒன்பது வருஷம் கழித்து, போன இலையுதிர் காலத்தில் மறுபடி வந்தாள். என்னென்ன சாப்பிட வேண்டும், எங்கெங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தாள். ஹிரோஷிமா, மியாஜிமா தீவு, கியோட்டோ, கடைசியில் ஒசாகா விமான நிலையம். மிசாவோ மாமியாரை மூன்று ராத்திரிக்கு முதியோர் இல்லத்தில் விட ஏற்பாடு செய்துவிட்டு, மூன்று நாள் விடுப்புக் கேட்டாள். எங்கள் தலைமைச் சமையல்காரர் அதைக் கேட்டு உடம்புக்கு ஏதாவதா என்றுதான் முதலில் விசாரித்தார்.

அந்த மூன்று நாளில் நடந்ததையெல்லாம் அவள் பிறகு பாத்திரம் கழுவும்போது துண்டு துண்டாகச் சொன்னாள். ஹிரோஷிமாவில் சூடான கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து முட்டைக்கோசும் நூடுல்சும் வைத்துச் சுட்ட அடை வாங்கினார்கள். பேசிக்கொண்டே மிசாவோ கரண்டியால் தங்கையின் பங்கை நகக்கண் அளவுக்குக் கொத்திவிட்டாள். மூன்று வேளையும் மாமியாருக்குக் கொத்திக் கொத்திப் பழகிய கை.

"அக்கா, எனக்குப் பல்லு இருக்கு" என்றாளாம் ஹிடெமி. இருவரும் சிரித்தார்கள். பிறகு ஹிடெமி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மியாஜிமா. கடலுக்குள் நிற்கும் சிவப்புக் கோவில் வாசல், கரையெல்லாம் மான்கள். படகுத்துறைப் பெஞ்சில் விலாங்குச் சோற்றுப் பெட்டியைப் பிரித்தபோது மிசாவோ நாலாவது தடவையாக இல்லத்துக்குப் போன் செய்து, மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். போனை அவள் கீழே வைத்ததும் ஹிடெமி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். புருஷன் இறந்த பெண் புகுந்த வீட்டு உறவை முடித்துக்கொள்ளும் அரசாங்கப் படிவம். ஒரே பக்கம். யார் சம்மதமும் தேவையில்லை, ஊர் அலுவலகத்தில் நீட்டினால் அன்றைக்கே முடிந்தது. புருஷன் பென்ஷனுக்கும் பாதகமில்லை.

"ஓடிப்போன்னு சொல்லல. சட்டமே குடுக்குற வழி இது. அவங்களுக்குப் பொண்ணு ஒருத்தி இருக்கா, பாத்துப்பா. நீ எங்கூட வா, இல்ல ஹிரோஷிமால தனியா ஒரு ரூம் எடு. உனக்கு அம்பத்தி நாலுதான் ஆகுது."

மிசாவோ வாயைத் திறக்குமுன் ஒரு மான் தலையை நீட்டித் தாளைக் கவ்விவிட்டது. அங்கே மான்களுக்குக் காகிதம் என்றால் பலகாரம். ஹிடெமி உறைந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்க, மிசாவோ எழுந்து மானின் வாயிலிருந்து அதைப் பிடுங்கினாள். சோறு கீழே கொட்டியது. வாழ்நாளில் அவள் எதையும் யாரிடமிருந்தும் பிடுங்கியதில்லை. எச்சில் பட்ட தாளைக் கைக்குட்டையில் ஒற்றியபோதுதான், இது தனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததாம். பயமாக இருந்தது என்றாள்.

கியோட்டோவில் கோவிலுக்குப் பக்கத்தில் வேகவைத்த சோயாக்கட்டி சாப்பிட்டார்கள், தங்க மண்டபத்தைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்தார்கள். அதன் நிறமே தனக்கு ஞாபகம் இல்லை என்கிறாள் மிசாவோ. சத்திரத்தில் குளித்துவிட்டு வந்து, சாப்பாடு வருவதற்குள் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் நிரப்பினாள். விமான நிலையத்தில் நின்றபடி ஊடோன் நூடுல்ஸ் சூப் குடிக்கும்போது ஹிடெமி கேட்டாள்: "திங்கக்கிழமை குடுத்துடுவியா?"

"குடுத்துடுவேன்" என்றாள் மிசாவோ. ஆகட்டும் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தாள். இல்லத்து வண்டி இரண்டு மணிக்குத்தான் வரும். எங்கள் வீடுகளில் வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் இறந்தவர்களின் மாடத்தில் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, மணியைத் தட்டிவிட்டுத்தான் மற்றது. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையானாலும் சரி, முதல் சம்பளக் கவரானாலும் சரி. மிசாவோவும் பையைத் திறந்தாள். தீவில் வாங்கிய இனிப்புப் பெட்டியை கட்சுயாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அதன்மேல் படிவம் இருந்த கவரையும் வைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

"யோசிச்சா வெச்சேன்? வந்ததை வெச்சேன்" என்றாள் என்னிடம்.

மூன்று ராத்திரி வெளியே தங்கிவிட்டு வந்த தோமேயும் நேரே மாடத்துக்கு முன்னால்தான் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். மாடத்தில் வைத்ததை இறக்கிப் பிரிப்பது அந்த வீட்டில் அவள் உரிமை. இல்லத்து ஆட்கள் போன பிறகு மிசாவோ தேநீரோடு வந்தபோது, இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது. கிழவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டமாகப் படித்தாளாம். கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் கையில் பிடித்தபடி மிசாவோ நின்றாள்.

தோமே தாளை மடித்துக் கவரில் போட்டாள்.

"இப்படி ஒரு பேப்பர் இருக்கறது என் புருஷன் போனப்ப எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா நானும் குடுத்துருப்பேன்" என்றாள். "கையெழுத்துப் போடாம வெச்சிருக்கியே. போட்டுக் குடு. நான் பொண்ணுக்குச் சொல்லிக்கறேன்." கவரை மருமகளிடம் நீட்டிவிட்டு, தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "நாளைக்குக் காலையில என்னக் குளிப்பாட்டிட்டுப் போ. அங்க அவங்க தண்ணி ரொம்ப ஆற வெச்சுட்டாங்க."

திங்கட்கிழமை மிசாவோ ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்கு வந்தாள். கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிழவி கைகாரி, கதவைத் திறந்துவிடுகிற மாதிரிப் பாவனை காட்டி உன்னைக் கட்டிப்போட்டுவிட்டாள் என்று கத்தினேன்.

"பாவனையா இருந்தா நேத்தே குடுத்துருப்பேன்" என்றாள் மிசாவோ. "நெசமாவே போகச் சொன்னாங்க. இனிமே நான் எப்படிப் போறது, சொல்லு."

அன்றைக்கு அண்டாவை நானே தேய்த்தேன்.

பதினோரு மாதம் ஆகிறது. ஹிடெமி ஞாயிற்றுக்கிழமை தோறும் கனடாவிலிருந்து பேசுகிறாள். கொடுத்தாயா என்று அவள் கேட்கும்போதெல்லாம், போனேன், அலுவலகத்தில் ஒரே கூட்டம், திரும்பி வந்துவிட்டேன் என்கிறாளாம் மிசாவோ. நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். எங்கள் ஊர் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை.