காருக்கு ஒரு சீட்டு, பெட்டிக்கு ஒரு சீட்டு

வெயிலில் காய்ந்த தோல் இருக்கையும் பெட்ரோலும் கலந்து ஒரு வாடை அடிக்குமே, அது எங்காவது மூக்கில் பட்டால் போதும், இந்த வயதிலும் எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். காரைக்குடியில் எங்கள் தாத்தா சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த கறுப்புக் காரின் வாடை அது. என்னைவிட ஆறு மாதம் இளையவனான பெரியப்பா மகன் சோலை, அதன் முன் இருக்கையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். நான் பின்னாலேயே புழுதியை விழுங்கிக்கொண்டு நடந்து போவேன்.

தாத்தா காலமானதும் பெரியப்பாவும், நாங்கள் "அப்பச்சி" என்று கூப்பிடும் என் அப்பாவும் சொத்தைப் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் கரண்டி வரைக்கும் எண்ணிச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். பட்டியல் எழுதியவர் என்ன நினைத்தாரோ, காரைத் தனியாகவும், காரோடு கப்பலில் வந்த உதிரிச் சாமான் பெட்டியைத் தனியாகவும் எழுதிவிட்டார். கார் பெரியப்பாவுக்கு விழுந்தது, பெட்டி எங்களுக்கு. "சீட்டுல விழுந்தது விழுந்ததுதான்" என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷமே டிஸ்ட்ரிபியூட்டர் மூடி விரிசல் விட்டது. எஞ்சினுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும், உள்ளங்கையளவு கறுப்பு மூடி. எங்கள் பெட்டியிலிருந்த மாற்று மூடியைப் பெரியப்பா டிரைவரை அனுப்பிக் கேட்டார். "அண்ணன் நேர்ல வந்து கேக்கட்டும், மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார் அப்பச்சி. "தம்பி வீட்ல போயி நான் கை நீட்டவா?" என்றார் பெரியப்பா. கார் கொட்டகையில் முடங்கியது. சோலையும் புழுதியில் நடந்தான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சோலை, போன வருஷம் அந்தக் காரைப் பிரித்துப்போட்டுச் சீர்செய்ய உட்கார்ந்தான். மற்றதெல்லாம் கிடைத்தது, மூடி மட்டும் இல்லை. கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தான். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த நகல்கள் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வந்து நின்றான். "அண்ணே, அந்தப் பொட்டி இன்னும் இருக்கா?"

பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. "எங்குட்டுக் கெடக்கோ, தேடணும்டா" என்றேன். என் மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் நான் ஒருத்தன்தான். அடுத்த ஞாயிறும் வந்தான், அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். காப்பி குடித்துவிட்டு இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பான். "நெசமாவே தேடுறீகளா, இல்ல என்னைய ஓட்டுறீகளா?" என்று சிரிப்பான். ஒருநாள் சொன்னான்: "நீங்க பயலுகளோட கூத்தடிச்சுக்கிட்டு நடந்து வருவீக. நான் மட்டும் பொம்மையாட்டம் கார்ல உக்காந்திருப்பேன். பாக்கப் பாக்க அப்படி எரியும்ணே."

அடப்பாவி, இவனுக்கு என் மேல் பொறாமையாம்! அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய், மெழுகுத்தாள் சுற்றிய மூடியை எடுத்துவந்து அவன் கையில் வைத்தேன்.

கார் ஓடத் தொடங்கிவிட்டது. சீட்டுக் குலுக்கிய வீடு இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி, குலுக்கியவர்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காப்பியும் நின்றுபோனது. சோலை பேரன் பேத்திகளை ஏற்றிக்கொண்டு சிங்கம்புணரிப் பக்கம் போகும்போது, என் வீட்டைத் தாண்டுகையில் ஹாரன் அடித்துக் கையை ஆட்டுகிறான்; நிறுத்துவதில்லை. இப்போது எனக்குப் பொறாமை அந்தக் காரின் மேல்தான்.

பெட்டியில் அதே மாதிரி மூடி இன்னொன்று இருக்கிறது. சோலையிடம் நான் அதைச் சொல்லவில்லை. கொடுத்தது என்றைக்காவது விரிசல் விடாமலா போகும்?